யவனர் வந்தார்கள், அதுக்கு இப்ப என்ன?



ஜனவரி முடிந்துவிட்டது. மரபுத் திங்கள் மேடைகளைக் கழற்றி, குத்துவிளக்கையும் பனரையும் வானில் ஏற்றியாயிற்று. விழா நடக்கும்போது இதைச் சொன்னால் "குழப்ப வந்திட்டாள்" என்பார்கள். அதனால் இப்ப சொல்லுறன்.

இந்த முறை ஸ்காபரோவிலும் மார்க்கத்திலுமாக மூன்று விழாக்களுக்குப் போனேன். மண்டபங்கள் வேறு, பேச்சாளர்கள் வேறு, பேச்சு ஒன்றுதான். வெள்ளைக்காரன் தன் நாகரிகத்துக்குத் தாய் என்று கும்பிடுகிற கிரேக்கனே எங்கட மிளகுக்கும் முத்துக்கும் தங்கத்தைக் கொண்டு வந்து கொட்டினவன், அவனுக்குச் சமமாக, அவனுக்கு முந்தியே, நாங்கள் இருந்தோம் என்பதே அந்தப் பேச்சு. கைதட்டல். மூன்றாவது மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் பரதநாட்டிய உடுப்போடு தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பதினேழு வயதுப் பிள்ளை என் காதுக்குள் கேட்டாள்: "அக்கா, அவை வந்தவை சரி. அதுக்கு இப்ப என்ன?"

நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அது பிழை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

பேச்சில் பொய் இல்லை, பாதி இல்லை

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அந்தப் பேச்சாளர்கள் கதை அளக்கவில்லை. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. யவனர் கொண்டுவந்த மது புறநானூற்றில் வருகிறது. முசிறியிலிருந்து சரக்கு ஏற்றியது தொடர்பாகக் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தம் பப்பிரசுத் தாளில் கிடைத்து, இன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. கப்பலின் பெயர் ஹெர்மபோலன். கங்கைக் கரை வாசனைப் பொருளும் யானைத் தந்தமும் துணியும் அதில் ஏறின. நாலில் ஒரு பங்கு சுங்க வரி. இதையெல்லாம் வாசிக்கிறபோது எனக்கும் சந்தோசம்தான், ஏன் மறைப்பான்?

ஆனால் இந்தப் பேச்சாளர்கள் எல்லோருக்கும் பிடித்த சாட்சி ஒன்று இருக்கிறது: பெரிப்ளூஸ். கி.பி. 1ஆம் நூற்றாண்டில், எகிப்துப் பக்கத்திலிருந்து வியாபாரம் செய்த யாரோ ஒரு கிரேக்க மொழிக்காரன் எழுதிய துறைமுகக் கையேடு. முசிறி, கொற்கை, பாண்டிய நாடு எல்லாம் அதில் உண்டு. மேடையில் அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். கொற்கையைப் பற்றி அவன் எழுதிய அந்தச் சின்ன வரியை மட்டும் எவரும் முழுதாக வாசித்து நான் கேட்டதில்லை. கொற்கையில் முத்துக் குளிப்பு உண்டு, அதில் இறக்கப்படுவது தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அவன் எழுதியிருக்கிறான்.

யோசித்துப் பாருங்கோ. எங்கட பெருமையின் முத்தை, தண்டனையாகக் கடலுக்குள் இறக்கப்பட்ட மனிசர் மூச்சுப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தண்டனை ஏன் கிடைத்தது, அவர்கள் யார், எத்தனை பேர் மேலே வரவில்லை என்பதை எந்தப் பாட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. விலை விசாரிக்க வந்த அந்நிய வியாபாரி ஒருத்தன் கண்ணில் பட்டதால்தான் அவர்கள் இருந்தார்கள் என்பதே தெரிகிறது. மேடைப் பேச்சு முத்தை வைத்துக்கொண்டு குளித்தவனை விட்டுவிடுகிறது. நான் எதிர்ப்பது இந்தத் தெரிவைத்தான்.

பழம்பெருமை கண்ணாடியைக் காப்பாற்றாது

"சரி, கொஞ்சம் விட்டுத்தான் சொல்லுறம். ஆனா எங்கட பிள்ளைகள் இந்த நாட்டில தலைநிமிர்ந்து நடக்க இந்தக் கதை தேவையில்லையா?" இப்படிக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட ஆட்களில் நானும் ஒருத்தி. ஆனால் பழம்பெருமை ஒரு சமூகத்தைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு இந்த நகரத்திலேயே பதில் இருக்கிறது. அதையும் கிரேக்கரிடமிருந்தே எடுக்கலாம்.

உலகத்தில் எந்தச் சனத்துக்காவது பழம்பெருமையால் ஒரு பாதுகாப்பு வரும் என்றால் அது கிரேக்கருக்கு வந்திருக்க வேண்டும். ஜனநாயகம், தத்துவம், நாடகம், ஒலிம்பிக், எல்லாம் அவர்களிடமிருந்து வந்ததென்று ஐரோப்பா முழுக்கச் சொன்னது. 1918இல் இதே ரொறன்ரோவின் பல்கலைக்கழகத்தில் ஹோமரும் பிளேட்டோவும் படித்த மனிசருக்குத் தனி மரியாதை இருந்தது.

அந்த வருசம் ஓகஸ்ட் முதல் நாட்களில் யங் வீதியில் என்ன நடந்தது? போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவர் குடிபோதையில் வைட் சிட்டி கஃபே என்ற கிரேக்கர் உணவகத்தில் சேவையாளரை அடித்து, வெளியேற்றப்பட்டார். அவர் தாக்கப்பட்டார் என்ற கதை பரவியது. அடுத்த நாள் படைவீரர்களும் பொதுமக்களுமாகக் கூட்டம் திரண்டு, கிரேக்கர்களின் உணவகங்களை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தது. கண்ணாடி, மேசை, காசுப் பெட்டி எதுவும் மிஞ்சவில்லை. நாட்கணக்கில் நீண்ட அந்தக் கலவரத்தில் ஐம்பதினாயிரம் பேர் வரை வீதியில் நின்றதாகக் கணக்கு. நகரபிதா தொமி சேர்ச் இராணுவத்தை இறக்க வேண்டி வந்தது. இவர்கள் போருக்குப் போகாமல் இங்கே இருந்து காசு உழைக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. உண்மையில் கிரேக்கம் 1917இலிருந்து நேசநாடுகளோடு சேர்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஒருத்தரும் தயாரில்லை.

போரிலிருந்து ஊனத்தோடு திரும்பியவனுக்கு வேலை இல்லை, ஒழுங்கான ஓய்வூதியம் இல்லை. அவனை அங்கே அனுப்பியவர்கள் வேறு, அவன் கோபம் இறங்கிய இடம் வேறு. கோப்பி ஊற்றிய வந்தேறியின் தலையில் இறங்கியது. வெறுப்பு எப்பவும் இப்படித்தான் வழி தேடும். அந்த இரவில் சோக்ரடீசின் பெயரைச் சொல்லி எந்தக் கடைக்காரனாவது தன் கண்ணாடியைக் காப்பாற்றியிருப்பானா?

எங்களுக்கும் ஒரு இரவு இருந்தது. 2009 மே 10. முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றோம். எங்களில் சிலருக்கு அப்ப பத்து வயதுகூட இல்லை, தோளில் இருந்தபடி போனவர்கள். அடுத்த நாள் வானொலியிலும் பத்திரிகையிலும் எங்களைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கா? வீதியை மறித்தவர்கள், பயங்கரவாதியின் கொடி பிடித்தவர்கள். இரண்டாயிரம் வருசப் பழைய மொழி பேசுகிற ஆட்கள் என்று ஒருத்தரும் வழிவிடவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு மரபுத் திங்கள் கிடைத்தது, ஒன்ராறியோவில் 2014இல், நாடாளுமன்றத்தில் 2016இல். மே மாதத்தில் எங்களைத் திட்டின நகரம் ஜனவரியில் எங்களுக்குக் கைதட்டப் பழகிக்கொண்டது. கைதட்டுகிறவர்களுக்குச் செலவில்லாத தமிழர் தேவை. யவனரோடு வியாபாரம் செய்த தமிழர் அதற்கு நல்ல வசதி.

இன்று கிரேக்கர் பகுதி டன்ஃபோர்த். லோகன் சந்தியில் இருக்கிற சின்னப் பூங்காவில் மகா அலெக்சாந்தரின் சிலை நிற்கிறது. ஊர் ஊராக எரித்துக்கொண்டு பஞ்சாப் வரை வந்து, படை மறுத்ததால் திரும்பிப் போன மனிசன். நினைவில் நிறுத்த எங்கட சமூகத்தில் யாரைத் தெரிவுசெய்கிறோம் என்று அந்தச் சிலையைக் கடக்கிறபோதெல்லாம் யோசிப்பேன். எங்கட விழா மேடையிலும் இராசராசன் இருப்பான். முத்துக் குளித்தவன் இருக்க மாட்டான்.

"அது வெள்ளையருடையது" என்பதும் பதில் இல்லை

இப்ப எங்கட பக்கத்துக்கு வாறன். நாங்கள், அதாவது பெருமைப் பேச்சைக் கேட்டுக் கண்ணை உருட்டுகிற இடதுசாரிப் பெடியள், என்ன செய்கிறோம்? கிரேக்கம் என்றாலே வெள்ளையரின் சொத்து, காலனியப் பாடத்திட்டம், எங்களுக்கு வேண்டாம் என்று தள்ளிவிடுகிறோம். இது சோம்பல். "மேற்கு நாகரிகம்" என்று மார்தட்டி ஸ்பார்ட்டாக்காரனின் தலைக்கவசத்தைச் சட்டையில் அச்சடிக்கிற வலதுசாரிகள் சொல்கிற சொத்துரிமையை நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பழைய கிரேக்கன் தன்னை வெள்ளையன் என்று நினைத்ததில்லை. வடக்கே இருந்த ஐரோப்பியரை அவன் காட்டுமிராண்டி என்றுதான் சொன்னான். அரிஸ்டாட்டிலைப் பாதுகாத்து, விளக்கம் எழுதி, ஐரோப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்ததில் பாக்தாத்தின் அரபு மொழி அறிஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதைவிட முக்கியம், எங்கட இடதுசாரிகளே கிரேக்கரை வாசித்திருக்கிறார்கள். எப்படி வாசிப்பது என்று காட்டியும் இருக்கிறார்கள்.

க. கைலாசபதி, கார்த்திகேசு சிவத்தம்பி. இந்த இரண்டு பெயரையும் உங்கட வீட்டில் பெரியாட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரண்டு பேரும் மார்க்சியர். இரண்டு பேரும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார்கள். இரண்டு பேருக்கும் ஆசிரியர் ஜோர்ஜ் தொம்சன். தொம்சன் தமிழ் அறிஞர் இல்லை, கிரேக்க அறிஞர். பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1941இல் ஈஸ்கிலஸ் என்ற நாடகாசிரியரையும் ஏதென்ஸ் சமூகத்தையும் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாஸ்கெற் தீவின் மீனவரோடும் குடியானவரோடும் இருந்து ஐரிஷ் பழகி, அந்த ஏழைச் சனத்தின் பேச்சுக்குள் ஹோமரின் பாட்டைப் புரிந்துகொள்ளும் வழியைக் கண்டவர். பெரிய காவியம் அரண்மனையிலிருந்து இறங்கி வந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, அது சனத்தின் வாயிலிருந்து ஏறி வந்தது என்று காட்டியவர்.

கைலாசபதி அந்தக் கண்ணோடு சங்கப் பாட்டைப் பார்த்தார். ஹோமருக்குப் பின்னால் இருந்த பாடகர் மரபைப் போலவே, புறநானூற்றுக்குப் பின்னால் பசியோடு ஊர் ஊராக நடந்த பாணர் மரபு இருந்தது என்றார். கொடை என்று நாங்கள் புகழ்கிறது, கொள்ளையடித்த மாட்டையும் நெல்லையும் தலைவன் பங்கு பிரிப்பது என்றும் பார்க்க வைத்தார். அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பி பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்தார். கூத்து எந்தச் சடங்கிலிருந்து, எந்தச் சமூக மாற்றத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். கைலாசபதியின் வாய்மொழிக் கருத்தைப் பின்னால் வந்த அறிஞர்கள் மறுத்திருக்கிறார்கள், எழுத்தறிந்த புலவரே அந்த மரபைப் பின்பற்றிப் பாடினர் என்கிறார்கள். அந்தத் தலைமுறை இடதுசாரிகள் தேசிய ஒடுக்குமுறையைக் காணப் பிந்தினார்கள் என்ற விமர்சனமும் நியாயமானது. ஆனாலும் அவர்கள் கிரேக்கத்தைப் பக்கத்தில் வைத்தது "நாங்களும் அவையளும் ஒரே உயரம்" என்று காட்ட இல்லை. இரண்டு இடத்திலும் யார் உழைத்தார்கள், யார் பாடினார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று கேட்க.

அந்த 1968ஐ மறக்காதீர்கள். அதே வருசம் யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் உள்ளே போக விடச் சொல்லி நின்றது. கதவை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் ஒருவர். தமிழின் தொன்மையில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்திருக்காது. பழம்பெருமை அவருக்கு ஒரு கையைத் தந்தது, அந்தக் கையால் கதவைச் சாத்தினார்.

அது பழைய கதை என்பீர்களா? 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை சாதி ஒடுக்குமுறையை எப்படிக் கையாள்வது என்று வழிகாட்டச் சொல்லி மனித உரிமை ஆணைக்குழுவைக் கேட்டபோது, இங்கே சாதியே இல்லை என்று எத்தனை குரல் எழும்பியது! அதே குரல்களில் சிலதை ஜனவரி மண்டபத்தில் யாதும் ஊரே என்று பேசவும் கேட்டிருக்கிறேன்.

ஏதென்ஸில் நாங்கள் யார்?

இப்ப அந்தக் கண்ணோடு ஏதென்ஸுக்குப் போய்ப் பார்ப்போம். ஜனநாயகத்தின் தொட்டில். மலையில் பேரவை கூடும், குடிமக்கள் கை உயர்த்துவார்கள். யார் அந்தக் குடிமக்கள்? பெண்கள் இல்லை. அடிமைகள் இல்லை. லோரியன் வெள்ளிச் சுரங்கத்துக்குள் நாள் வாடகைக்கு விடப்பட்ட ஆட்கள் இல்லை. நிக்கியாஸ் என்ற ஒரே தளபதி ஆயிரம் அடிமைகளை அந்தச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டதாகப் பதிவு இருக்கிறது. கி.மு. 451இலிருந்து தாயும் தகப்பனும் இரண்டு பேரும் ஏதெனியர் என்றால்தான் பிள்ளை குடிமகன்.

இன்னொரு கூட்டமும் இருந்தது. மெட்டிக். கூட வந்து குடியிருப்பவன் என்று கருத்து. வெளியூரிலிருந்து வந்து ஏதென்ஸில் வேலை செய்தவர்கள், கடை வைத்தவர்கள். ஆணுக்கு வருசம் 12 டிராக்மா வரி, தனியாக வாழும் பெண்ணுக்கு 6. வரி கட்டாவிட்டால் அடிமையாக விற்கலாம். பொதுவாக நிலமோ வீடோ சொந்தமாக வாங்க முடியாது. போர் வந்தால் படையில் சேர வேண்டும். பேரவையில் வாக்கு இல்லை. ஒரு குடிமகன் இவனுக்குப் பொறுப்பு என்று நிற்க வேண்டும், எங்கட பாசையில் ஸ்பொன்சர். அரிஸ்டாட்டிலும் இப்படி ஒரு மெட்டிக்தான்.

இதை வாசிக்கிறபோது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகுதா? எனக்கு என் அம்மாவின் பி.ஆர். அட்டை ஞாபகம் வருகிறது. பத்து வருசத்துக்கு மேல் இந்த நகரத்துக்கு வரி கட்டினா. எங்கட வீதியில் பஸ் நிற்குமா, நூலகம் பூட்டுமா என்று தீர்மானிக்கிற தேர்தலில் ஒரு நாளும் வாக்குப் போடவில்லை. 2013இல் ரொறன்ரோ மாநகர சபையே நிரந்தர வதிவாளருக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை கொடுக்கச் சொல்லி மாகாணத்தைக் கேட்டது. சட்டம் மாறவில்லை. அம்மாவாவது பி.ஆர். லீமிங்டனில் கண்ணாடிக் கூடத்துக்குள் தக்காளி பறிக்கிற மெக்சிக்கோ, ஜமேக்காத் தொழிலாளியின் வேலை அனுமதியில் முதலாளியின் பெயர் அச்சடித்திருக்கும். முதலாளியோடு பிரச்சினை என்றால் நாட்டோடு பிரச்சினை. 1966இலிருந்து இந்தப் பருவகாலத் திட்டம் நடக்கிறது. தற்காலிகத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைமுறைக்கு விளைநிலம் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023இல் இங்கே வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் கதை "பாவம் நாங்கள்" என்று முடியாது. மெட்டிக் குடும்பம் ஒன்றைப் பார்ப்போம். கெபலஸ் என்பவர் சிரக்கூசிலிருந்து வந்து ஏதென்ஸில் கேடயத் தொழிற்சாலை வைத்தார். பிளேட்டோவின் பெயர்பெற்ற 'குடியரசு' உரையாடல் முழுக்க நடப்பது துறைமுகத்தில் இருந்த இந்தக் குடும்பத்தின் வீட்டில்தான். நீதி என்றால் என்ன என்ற மேற்கின் பெரிய விவாதத்துக்கு வாக்கில்லாத வந்தேறி ஒருத்தன் வீடும் சாப்பாடும் கொடுத்திருக்கிறான். கி.மு. 404இல் முப்பது கொடுங்கோலர் ஆட்சியைப் பிடித்து, பணக்கார மெட்டிக்குகளை வேட்டையாடினார்கள். மூத்த மகன் பொலிமார்க்கஸை நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றார்கள். தம்பி லிசியஸ் தப்பி ஓடி, ஜனநாயகவாதிகளின் படைக்குப் பணமும் கேடயமும் கொடுத்தார். ஜனநாயகம் திரும்பி வந்தது. லிசியஸுக்குக் குடியுரிமை கொடுக்கப் பிரேரணை வந்தது, அது சட்டப்படி செல்லாது என்று தள்ளப்பட்டது. மெட்டிக்காகவே இருந்தார்.

இங்கே எனக்குக் கண் கலங்குகிறது. உடனே அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். அந்தக் கொடுங்கோலர் பறித்த சொத்துக் கணக்கை லிசியஸ் நீதிமன்றத்தில் தன் வாயாலேயே சொல்கிறார்: எழுநூறு கேடயம், வெள்ளி, பொன், அதோடு 120 அடிமைகள்.

வந்தேறி, வாக்கில்லாதவன், அநியாயம் நடந்தவன், அதோடு 120 பேரின் எசமான். ஒரே ஆள். இவரை எங்களுக்குத் தெரியும். 1980களில் வெறுங்கையோடு வந்து, பாத்திரம் கழுவி, அவமானப்பட்டு எழும்பின கதையைக் கண்ணீரோடு சொல்வார். அதே ஆளின் சமையலறையில், துப்புரவு ஒப்பந்தத்தில், களஞ்சியத்தில் இன்று ஸ்டூடன்ட் விசாவில் வந்த பெடியன் சட்டப்படியான சம்பளத்துக்குக் கீழே காசைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்பான். கேட்டால் "நாங்கள் பட்டதுக்கு இது ஒண்டும் இல்லை" என்பார். அவர் பட்டது உண்மை. இந்தப் பெடியன் படுவதும் உண்மை. ஜனவரி விழாவுக்குக் காசு கொடுப்பவர்களில் இவர் இருக்கிறார் என்பதால் மேடையில் இரண்டாவது உண்மைக்கு நேரம் கிடைப்பதில்லை.

கப்பலில் வந்த ஐம்பது பெண்கள்

கடைசியாக ஒரு நாடகம். தொம்சன் வாழ்க்கை முழுக்கப் படித்த ஈஸ்கிலஸ், கி.மு. 463 அளவில் ஏதென்ஸில் அரங்கேற்றியது. அடைக்கலம் கேட்கும் பெண்கள் பற்றியது. கதை இதுதான். ஐம்பது சகோதரிகள், கட்டாயக் கலியாணத்துக்குத் தப்பி, தகப்பனோடு எகிப்திலிருந்து கப்பலில் ஆர்கோஸ் கரைக்கு வருகிறார்கள். கறுத்த நிறம், வெயிலில் எரிந்த சனம் என்று தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். எங்கட பாட்டி முப்பாட்டி இந்த ஊர், அதனால் உரிமை உண்டு என்கிறார்கள். அரசன் நம்பவில்லை. இவர்கள் லிபியரைப் போல, எகிப்தியரைப் போல, இந்தியப் பெண்களைப் போல இருக்கிறார்களே என்கிறான். ஏற்றுக்கொண்டால் போர் வரும். தள்ளிவிட்டால், இந்தச் சாமி சிலைகளிலேயே தூக்குப் போட்டுச் சாவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. 492 தமிழர். முள்ளிவாய்க்கால் முடிந்து பதினைந்து மாதம். கப்பல் கரையைத் தொட முன்னமே அமைச்சர் பயங்கரவாதி, ஆட்கடத்தல் என்று அறிவித்துவிட்டார். தாய்மாரும் பிள்ளைகளும்கூட அடைக்கப்பட்டார்கள். சிலர் மாதக்கணக்கில், சிலர் அதற்கும் மேலே. 2012இல் அதற்கென்றே சட்டம் வந்தது: அரசு இப்படி வந்தவர் என்று குறித்தால் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்புக்காவல், அகதி என்று ஏற்றுக்கொண்டாலும் ஐந்து வருசம் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்தச் சட்டத்தை எங்களுக்காகச் செய்தார்கள்.

ஆர்கோஸில் என்ன நடந்தது? நான் தனியே முடிவெடுக்க மாட்டேன், சனத்தைக் கேட்க வேண்டும் என்று அரசன் சொல்கிறான். பேரவை கூடுகிறது. தகப்பன் வந்து செய்தி சொல்கிறான்: கைகள் அத்தனையும் உயர்ந்தன. பெண்கள் சுதந்திரமாக அங்கே வாழலாம், எவரும் அவர்களைப் பிடித்துக்கொண்டு போக முடியாது, வந்தால் உதவிக்கு ஓடி வராத குடிமகன் தன் உரிமையை இழந்து நாடுகடத்தப்படுவான். மக்கள் என்ற சொல்லும் ஆட்சி என்ற சொல்லும் கிரேக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மிகப் பழைய இடங்களில் ஒன்று இந்த வாக்கெடுப்புக் காட்சி. ஜனநாயகம் என்ற சொல் பிறக்கிற வாசலில் அகதிகள் நிற்கிறார்கள்.

ஆர்கோஸ் கதையில் வருகிற ஊர். பார்த்துக் கைதட்டிய ஏதென்ஸ் உண்மையான ஊர், அது பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள் குடியுரிமையை இறுக்கியது. மேடையில் அகதிக்காக அழுது, சட்டத்தில் கதவைச் சாத்துவது கனடா கண்டுபிடித்த வித்தை இல்லை. கை உயர்த்தியவர்களில் பெண்களும் இல்லை, அந்த ஐம்பது பேருக்கும் வாக்கில்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

நாடகத்தின் கடைசிப் பகுதியில் தகப்பன் பெண்களுக்குப் புத்தி சொல்கிறான். வந்தேறியைப் பற்றிக் கெட்டது பேச எல்லோர் நாக்கும் தயாராக இருக்கும், அடக்கமாக நடவுங்கோ, எனக்கு வெட்கம் தேடித் தராதீர்கள் என்ற கருத்தில். இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்திய அப்பா! "பிள்ளை, சத்தம் போடாத, நாங்கள் இன்னொருத்தன்ர நாட்டில இருக்கிறம்" என்று கார்டினருக்குப் போகும்போது எத்தனை பேர் வீட்டில் சொன்னார்கள்? எனக்கு அந்தத் தகப்பனில் கோபம் வரவில்லை. பயந்த மனிசன். ஆனால் அந்த ஐம்பது பேரும் அடக்கமாக இருந்து அடைக்கலம் பெறவில்லை. சாமியின் சிலையைப் பிடித்துக்கொண்டு, விட மாட்டோம் என்று நின்றுதான் பெற்றார்கள்.

இப்ப அந்தப் பிள்ளைக்கு வாறன்.

தங்கச்சி, யவனர் வந்தார்கள், அதுக்கு இப்ப என்ன என்று கேட்டாய். அவர்கள் வந்ததால் நீ உயர்ந்தவள் இல்லை. வராமல் விட்டிருந்தாலும் உன் தலை நிமிர்ந்துதான் இருக்க வேண்டும், உன் அம்மம்மா பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றவ என்றாலும், தேயிலை கிள்ளினவ என்றாலும், கோவில் வாசலில் தள்ளப்பட்டவ என்றாலும். மரியாதைக்குத் தொன்மை நிபந்தனை என்றால், தொன்மை இல்லாத சனத்துக்கு மரியாதை இல்லை என்று ஆகிவிடும். அந்தத் தராசில் ஏறினால் நாளைக்கு உன்னையும் நிறுப்பார்கள்.

எங்கட தோழர்களுக்கு மூன்று விசயம் சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த ஜனவரியில் எங்களை மேடைக்குக் கூப்பிட்டால் போவோம். யவனரைப் பற்றியும் பேசுவோம், கொற்கையில் மூச்சடக்கிய ஆட்களோடு சேர்த்து. சாதியைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அந்த மேடை வேண்டாம்.

மாநகரத் தேர்தலில் வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டுகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், தமிழராக இருந்தால் இரண்டு மடங்காக, நிரந்தர வதிவாளரின் வாக்குரிமைக்கும் முதலாளியின் பெயர் இல்லாத வேலை அனுமதிக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்போம். பொங்கல் படம் எடுத்தது பதில் இல்லை.

2024இலிருந்து ஸ்டூடன்ட் விசாவைக் குறைத்தபோது எங்கட வரவேற்பறைகளில் "நல்லது, இவங்கள் வந்து கெடுத்துப் போட்டாங்கள்" என்ற கதை கேட்டது. யங் வீதிக் கண்ணாடியை உடைத்ததும் இதே கதைதான். அப்பாவோ மாமாவோ சொன்னாலும் சாப்பாட்டு மேசையிலேயே மறுத்துப் பேசுவோம். சத்தம் போட்டுத்தான்.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் அந்த ஐம்பது பெண்களின் நாடகத்தைச் சேர்ந்து வாசிக்கிறோம். கிரேக்கம் தெரியத் தேவையில்லை. சன் சீயில் வந்த யாரையாவது தெரிந்தவர்கள், அவர்கள் விரும்பினால், கூட்டிக்கொண்டு வாருங்கோ. பேரவையில் கை உயர்த்துகிற காட்சியில் நாங்கள் எல்லோரும் கை உயர்த்துவோம், பி.ஆர். அட்டை இருக்கோ இல்லையோ.

தோழமையுடன்,
உங்கட அக்கா ஒருத்தி, ஸ்காபரோவிலிருந்து